கடலை நக்கிய மான்

எண்ணெய் காய்வதில்லை இந்த ஊரில்.
வெள்ளிக்கிழமை பூசிய வானம்
செவ்வாய்க்கிழமையும் விரலில் ஒட்டும்.
உப்புக் காற்றை விலக்கி வைத்துவிட்டுத்
திருகோணமலையை வரைய முடியாது.
நான் விட்டுவிட்டேன்.
மணலும் கொசுவும் சேர்ந்தே காயட்டும்.

நிலாவெளி விடுதிக்காரர் கேட்டது ஆறு படம்:
சுவாமிமலை, மணிக்கூட்டுக் கோபுரம்,
கன்னியாக் கிணறுகள் ஏழும் ஒரே சட்டத்துக்குள்,
புறாமலை, காளி கோயில்,
கோட்டையிலிருந்து தெரியும் கடல்.
"சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள்?" என்றேன்.
"ஐயோ மிஸ், காலைச் சாப்பாட்டு நேரம்
அதையெல்லாம் ஆர் பாக்கிறது?"

எனக்கோ அந்தத் தாங்கிகள்தான்.
காட்டுக்குள் குந்தியிருக்கும் அந்தத் துருவை
எந்தக் குழாயிலும் அடைத்து விற்பதில்லை.
மண்சிவப்பு கொஞ்சம்,
ஆறிப்போன பிளேன்ரீ கொஞ்சம்,
மிச்சம் பொறுமை.

ஐந்து முடிந்தது. ஆறாவதுக்குக்
கித்தான் வாங்கக் காசில்லை.
கட்டிலுக்கடியில் கிடந்த பழையதொன்றைத் தூசி தட்டிக்
கோட்டைக்குக் கொண்டுபோய்
அதன் கடல்மேல்
புதுக்கடல் பூசினேன்.
காவலுக்கு நின்ற பொடியன்
எட்டிப் பார்த்து "லஸ்ஸனய்" என்றான்.
அதே இடத்தில் முன்பொருவன்
"கப்பலை அழி" என்றது
இவனுக்குத் தெரியாது.
அப்போது இவனுக்கு மூன்று வயதிருக்கும்.

தண்ணீர்ப் போத்தலுக்குத் திரும்பிய நேரம்
மான் வந்தது.
இந்த ஊர் மான்களுக்கு ஆட்களைக் கண்டு பயமில்லை.
பஸ் நிலையத்தில் டிக்கெட் தின்னும்.
சந்தையில் கோவா இலைக்கு
மாடுகளோடு வரிசையில் நிற்கும்.
அது ஆறுதலாக என் கடலை நக்கியது,
இடமிருந்து வலமாக,
உப்புப் படிந்த ஒவ்வோர் அலையாக.

கத்தினேன். ஓடவில்லை.
என்னைப் பார்த்தது, வாயெல்லாம் நீலம்.
நஞ்சோ என்று பதறி
டர்பன்டைன் துணியை எடுத்து,
அதுவும் நஞ்சென்று எறிந்து,
சட்டைக் கையால் தாடையைத் துடைத்தேன்.
பொடியன் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டுக்
கழுத்தைப் பிடித்துத் தந்தான்.
மானின் மூச்சில் ஆளிவிதை மணம்.

பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.
நாக்குப் போன தடத்தில்
ஒரு சிவப்புப் புகைபோக்கி.
அதன்கீழ்க் கைப்பிடிக் கம்பி.
கம்பியருகே மஞ்சளாய் ஒரு புள்ளி.

பாதை மூடிக்கிடந்த வருசம்
யாழ்ப்பாணம் போன கப்பல் அது.
புள்ளி, சுகிர்தமலர்.
கப்பல் ஏறுகிறவளுக்கு வாளி எதற்கென்று
துறையடியில் எல்லாரும் சிரிக்க
மஞ்சள் வாளியோடு போனவள்.
நான் அழிக்கவில்லை.
அவன் பார்த்திருக்க, நீலம் பூசி மூடினேன்.
நீலத்தின்மேல் நீலம்,
இத்தனை வருசம்.

சாகவில்லை அவள், பயப்படாதீர்கள்.
பிரம்டனில் ஒரு கேக் கடையில் நிற்கிறாள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாள்.
"மணிக்கூடு சரியான நேரம் காட்டுதா?"
"இல்லை."
"அப்ப ஊர் நல்லாத்தான் இருக்கு."
கப்பலைப் பற்றி
நானும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

விடுதிக்காரருக்கு ஐந்தோடு கணக்கு முடிந்தது.
ஆறாம் சுவரில்
தொலைக்காட்சி மாட்டிவிட்டாராம்.

மூன்று நாள் மானைத் தேடினேன்.
கோணேசர் படிகளில், டச்சுக்குடா மணலில்,
தபால் கந்தோர் நிழலில்
ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன்.
ஒரு மானை இப்படித் தேடும்போது
கோபுரங்கள் கண்ணில் படுவதில்லை.
யார் வீட்டு மதில் இடிந்திருக்கிறது,
எந்தக் குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது,
அதெல்லாம் தெரிகிறது.

நான்காம் நாள், மைதான வேலியோரம்
யாரோ வீசிய சோற்றுப் பொதியில்
முகம் புதைத்து நின்றது.
தாடையில் இன்னும் ஒரு விரலகலம் நீலம்.
மணிக்கூட்டுக் கோபுரத்தின் அடிச்சுவரில்
முழங்கால் உயரத்தில் அதே நீலம்.
நசூர்தீன் நானாவின் ஓட்டோச் சீற்றிலும்.
அவர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன கறை, போகுதில்லையே?"

"கோட்டைக் கடல் நானா" என்றேன்.
"காயக் கொஞ்சநாள் செல்லும்."